'டிஸ்கஸ் அபவுட்': வழுவா, வழுவமைதியா? ஆங்கிலத் தரவகங்கள் பற்றி ஒரு விவாதம்

காரைக்குடி டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வேலைக்கான விண்ணப்பம், நேர்முகத் தேர்வு, அலுவலக மின்னஞ்சல் ஆகியவைதாம் பாடம்.

அண்மையில் ஒரு மாணவி தன் விண்ணப்பத்தில் 'வீ டிஸ்கஸ்டு அபவுட் தி ப்ராஜெக்ட்' என்று எழுதியிருந்தாள். 'அபவுட்'டைச் சிவப்பு மையால் அடித்தேன். அவள் கைபேசியை எடுத்து ஓர் ஆங்கில நாளிதழின் செய்தியைக் காட்டினாள். அதே தொடர், அச்சு அசலாக. "பத்திரிகைக்காரர்கள் எழுதலாம், நான் எழுதக் கூடாதா மிஸ்?" என்று கேட்டாள். பின்வரிசைப் பையன் ஒருவனுக்கு அது போதாதா? தன்மைக்கு 'ஷல்', மற்ற இடங்களுக்கு 'வில்' என்று பலகையில் இருந்த விதியைக் காட்டி, "இப்படி யார் மிஸ் பேசுகிறார்கள்?" என்றான்.

'புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது' என்று சொல்லிச் சமாளிக்கலாம். அது பதில் இல்லை என்பது பிள்ளைகளுக்கே தெரியும்.

மக்கள் உண்மையில் எழுதும், பேசும் ஆங்கிலத்தைக் கோடிக்கணக்கான சொற்களாகச் சேர்த்து, தேடிப் பார்க்க வசதி செய்திருக்கும் 'கார்பஸ்' எனப்படும் தரவகங்கள் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். என்னைப் போன்ற வகுப்பாசிரியருக்கு அதனால் பயன் உண்டா, இல்லை ஆராய்ச்சிக்காரர்களின் பொழுதுபோக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஓய்வாசிரியர்

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது அம்மா? 'டிஸ்கஸ்' செயப்படுபொருள் குன்றா வினை. செயப்படுபொருளை நேராக எடுக்கும். நடுவில் 'அபவுட்' எதற்கு? நீங்கள் அடித்தது சரி.

ஆயிரம் பேர் தப்பாக எழுதினால் தப்பு சரியாகிவிடுமா? 'எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே' என்றார் பவணந்தி. உயர்ந்தோர் என்றுதான் சொன்னார். இணையத்தில் எழுதுகிறவர் எல்லோரும் என்று சொல்லவில்லை.

ஆத்தங்குடி டைல்ஸ்

சார் சொல்வதைச் சொல்லட்டும். நான் தினமும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதுகிறவன். எனக்குச் சந்தேகம் வந்தால் கூகுளில் போட்டுப் பார்ப்பேன். 'டிஸ்கஸ் அபவுட்' லட்சக்கணக்கில் வருகிறது. லட்சக்கணக்கில் வருவது எப்படித் தப்பாகும்? தரவகம் என்பதும் இதுதானே?

புதுவயல் ஆய்வாளர்

டீச்சர், உங்கள் கேள்வி என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஐயாவின் நன்னூல் நூற்பா. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் முந்திய தொல்காப்பியப் பாயிரம் 'வழக்கும் செய்யுளும் ஆயிரு முதலின்' என்று சொல்கிறது. மக்கள் வழக்கையும் செய்யுளையும் பார்த்து இலக்கணம் செய்யப்பட்டது என்கிறது. எந்த நிலத்து வழக்கு? 'வடவேங்கடம் தென்குமரி ஆயிடை' என்று எல்லையும் கட்டுகிறது. தரவகம் கட்டுகிறவர் முதல் நாள் செய்ய வேண்டிய வேலை இதுவேதான். எந்த நிலம், எந்தக் காலம், பேச்சா எழுத்தா, யாருடையது என்று வரையறுக்காமல் சேர்த்தால் அது தரவகம் ஆகாது. ஆத்தங்குடி அண்ணனின் கூகுள் தேடலுக்கு அந்த வரையறை கிடையாது. கூகுள் காட்டும் எண்ணிக்கை தோராய மதிப்பீடு. அதில் 'இப்படி எழுதாதீர்கள்' என்று சொல்லும் இலக்கணப் பக்கங்களும் சேர்த்தி.

கணினியில் ஏற்றப்பட்ட முதல் பெரிய ஆங்கிலத் தரவகம் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் உருவானது. நெல்சன் பிரான்சிஸ், ஹென்றி குசேரா என்ற இருவர் செய்தார்கள். 1961இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து 500 துண்டுகள், துண்டுக்கு ஏறத்தாழ 2,000 சொற்கள், மொத்தம் 10 லட்சம். செய்தி, தலையங்கம், மதம், பொழுதுபோக்கு, அறிவியல், துப்பறியும் கதை என்று வகைக்கு இத்தனை என முன்கூட்டியே பங்கு பிரித்துக்கொண்டார்கள். பிறகு அதே அச்சில், அதாவது அதே பங்கு முறையில், அதே 1961க்குப் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு ஒன்று, லங்காஸ்டர், ஓஸ்லோ, பெர்கன் மூன்று ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்தது. நம் நாட்டிலும் இதே அச்சில் ஒன்று உண்டு. கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் எஸ். வி. சாஸ்திரி தலைமையில் 1978ஆம் ஆண்டின் இந்திய ஆங்கில எழுத்துகளைக் கொண்டு கட்டிய 10 லட்சம் சொற்கள். இதைப் பற்றி நம் கல்லூரிகளில் யாரும் வாய் திறப்பதில்லை என்பது என் தனிப்பட்ட மனக்குறை.

ஒரே அச்சில் கட்டுவதன் பலன் என்ன என்றால், உங்கள் பின்வரிசைப் பையனுக்குப் பதில் கிடைக்கிறது. ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் 1991, 1992ஆம் ஆண்டுகளின் எழுத்துகளைக் கொண்டு அமெரிக்க, பிரிட்டிஷ் தரவகங்கள் இரண்டையும் மறுபடி கட்டினார்கள். முப்பதாண்டு இடைவெளி, மற்றதெல்லாம் அப்படியே. ஒப்பிட்டபோது 'ஷல்' இரு நாட்டிலும் சரிந்திருந்தது. 'மஸ்ட்', 'மே' போன்றவையும் இறங்கின. 'ஹேவ் டு', 'நீட் டு' ஏறின. ஆகவே பையன் சொன்னது உண்மை. ஆனால் 'ஷல்' செத்துவிடவில்லை. ஒப்பந்தங்களிலும் சட்டங்களிலும் உட்கார்ந்திருக்கிறது. 'ஷல் வீ கோ?' என்ற கேள்வியில் உயிரோடு இருக்கிறது. அந்த இரண்டு இடங்களைச் சொல்லிக்கொடுத்தால் போதும். தன்மைக்கு ஒன்று, முன்னிலைக்கு ஒன்று என்ற அட்டவணை வேண்டாம் என்பது என் கருத்து.

'டிஸ்கஸ் அபவுட்'டுக்குப் பிறகு வருகிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தேவகோட்டை ஓய்வாசிரியர்

தம்பி, பாயிரத்தை நன்றாகவே எடுத்துப் போட்டீர்கள். அதே பாயிரம் அடுத்த வரிகளில் 'முந்துநூல் கண்டு முறைப்பட எண்ணி' என்றும் சொல்கிறது. அதை ஏன் விட்டீர்கள்?

சிங்கப்பூர் ஆச்சி

கண்டனூர்க்காரி, இங்கே ஒரு நிறுவனத்தில் ஆள்சேர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் நிறைய வரும். 'டிஸ்கஸ் அபவுட்' பார்த்து யாரையும் நான் தள்ளியதில்லை. ஆனால் லண்டனிலிருந்து வந்த என் மேலாளர் ஒருவர் 'கைண்ட்லி ரிவெர்ட்' என்ற வரியைப் பார்த்துவிட்டு, "எந்த நிலைக்குத் திரும்ப வேண்டுமாம்?" என்று உண்மையாகவே கேட்டார். அவர் ஊரில் 'ரிவெர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. இங்கே சிங்கப்பூரிலும், மலேசியாவிலும், நம் ஊரிலும் 'பதில் எழுதுங்கள்' என்று பொருள். எங்கள் அலுவலகச் சீனர்களும் மலாய்க்காரர்களும் அப்படியேதான் எழுதுகிறார்கள்.

அதனால் டீச்சர், எது சரி என்று கேட்பதற்கு முன்னால், படிக்கப்போகிறவர் எந்த ஊர்க்காரர் என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

புதுவயல் ஆய்வாளர்

ஆச்சி சொன்னதைத்தான் எண்ணிக்கையோடு சொல்ல வருகிறேன்.

'குளோப்' என்று ஒரு தரவகம். மார்க் டேவிஸ் 2013இல் வெளியிட்டார். ஆங்கிலம் புழங்கும் 20 நாடுகளின் இணையப் பக்கங்களிலிருந்து எடுத்த 190 கோடி சொற்கள், நாடுவாரியாகப் பிரிக்கப்பட்டவை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் தனித்தனிப் பகுதிகள். 'டிஸ்கஸ் அபவுட்' என்று தேடினால் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பகுதிகளில் தாராளமாக வருகிறது. பிரிட்டன், அமெரிக்கப் பகுதிகளில் அருமை. அதே நேரம் நம் நாட்டுப் பகுதியிலும் 'அபவுட்' இல்லாத 'டிஸ்கஸ்'தான் பெரும்பான்மை. இரண்டும் உண்மை. மாணவி காட்டிய செய்தி விதிவிலக்கு இல்லை, அதே சமயம் அதுவே பொது வழக்கும் இல்லை.

ஆத்தங்குடி அண்ணனுக்கு ஒரு கணக்கு. அந்தத் தரவகத்தில் இந்தியப் பகுதி ஏறத்தாழ 9.6 கோடி சொற்கள். அமெரிக்கப் பகுதி ஏறத்தாழ 38.7 கோடி. ஒரு தொடர் இரண்டிலும் 400 முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சரிசமம் என்று தோன்றும். பத்து லட்சம் சொற்களுக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள்: அமெரிக்காவில் ஒன்றுதான் தேறும், இந்தியாவில் நான்குக்கு மேல் வரும். வட்டிக்கடைக் கணக்கு பார்த்த ஊர்க்காரர்களுக்கு முதல் எவ்வளவு என்று தெரியாமல் வட்டியைப் பேசக் கூடாது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தரவகத்தில் பாதிக்கு மேல் வலைப்பதிவு எழுத்து. இந்தியத் தளத்தில் எழுதியவர் இந்தியர்தாம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எண்கள் கிடைத்துவிட்டன என்பதற்காக மயங்கக் கூடாது.

ஐயா, 'முந்துநூல் கண்டு' என்பதை நான் ஒளிக்கவில்லை. எனக்குப் பிடித்த சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: வழுவமைதி. விதிப்படி வழு, ஆனாலும் ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது. பசுவை 'என் அம்மை வந்தாள்' என்று உவப்பினால் சொல்வதை உரைகாரர்கள் அமைத்துக்கொண்டார்களே. 'டாக் அபவுட்', 'டிஸ்கஷன் அபவுட்' இரண்டும் சரியாக இருக்கும்போது 'டிஸ்கஸ்' பக்கத்திலும் 'அபவுட்' வந்து ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் தெளிவாகத் தெரிகிறது. எந்த நிலத்தில் அது அமைதியாகிவிட்டது, எந்த நிலத்தில் இன்னும் வழுவாகவே இருக்கிறது என்பதைத் தரவகம் காட்டும். அமைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அது தீர்ப்புச் சொல்லாது.

தேவகோட்டை ஓய்வாசிரியர்

காரணம் இருந்தால் எல்லா வழுவும் அமைதி ஆகிவிடாது. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்று காரணங்களையே பவணந்தி எண்ணி வைத்தார். 'பக்கத்து வீட்டுச் சொல்லைப் பார்த்து ஒட்டிக்கொண்டது' என்று ஒரு காரணம் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று. பல்கலைக்கழகத்தில் விடைத்தாள் திருத்துகிறவர் கையில் உங்கள் 190 கோடி சொற்கள் இருக்காது. சிவப்பு மைதான் இருக்கும். பிள்ளைக்கு மதிப்பெண் போனால் நீங்கள் ஈடு கொடுப்பீர்களா?

மொழியியல் மாணவன், மதுரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தரவகத்தின் மேல் மொழியியலாளர் சாம்ஸ்கி வைத்த பழைய குற்றச்சாட்டை யாரும் இங்கே சொல்லவில்லை. மொழியில் உருவாக்கக்கூடிய வாக்கியங்களுக்கு எல்லை இல்லை, தரவகம் எவ்வளவு பெரிதானாலும் எல்லைக்கு உட்பட்டது. ஒரு தொடர் அதில் இல்லை என்பதால் அது ஆங்கிலம் இல்லை என்று ஆகிவிடாது. உளறலும் தடுமாற்றமும் அதில் இருக்கின்றன என்பதால் அவை இலக்கணம் ஆகிவிடாது.

புதுவயல் ஆய்வாளர்

சரியான குற்றச்சாட்டுதான் தம்பி, அதனால்தான் 'இல்லை' என்ற முடிவுக்கு நாங்கள் எளிதில் போவதில்லை. பத்து லட்சம் சொற்கள் இலக்கணச் சொற்களைப் பார்க்கப் போதும். பிரௌன் தரவகத்தில் 'தி' என்ற ஒரே சொல் ஏறத்தாழ 70,000 முறை வருகிறது, நூற்றுக்கு ஏழு. ஆனால் அதே தரவகத்தில் ஒரே ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகும் சொற்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒருமுறை வந்ததை வைத்து என்ன சொல்ல முடியும்? அதனால்தான் பிரிட்டிஷ் தேசியத் தரவகம் 10 கோடி சொற்களாகக் கட்டப்பட்டது, அமெரிக்க ஆங்கிலத்துக்கான 'கோகா' 100 கோடியைத் தாண்டியது.

பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பிரிட்டிஷ் தரவகத்தின் 10 கோடியில் பத்தில் ஒரு பங்குதான் பேச்சு. அதில் ஒரு பகுதிக்கு 124 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒலிப்பதிவுக் கருவியைக் கையில் கொடுத்து, அன்றாடம் பேசுவதைப் பதிவு செய்யச் சொன்னார்கள். அதை எழுத்தாக்குவதற்குள் விழி பிதுங்கிவிடும். எழுத்து மலிவு, பேச்சு விலை அதிகம். ஆகவே எந்தத் தரவகத்தைத் திறந்தாலும் பேச்சு எத்தனை பங்கு என்று முதலில் பாருங்கள். 'யார் இப்படிப் பேசுகிறார்கள்' என்ற பையனின் கேள்விக்கு நாளிதழ்களைத் தேடிப் பதில் சொல்லக் கூடாது.

காரைக்குடி டீச்சர்

இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஓய்வாசிரியர் ஐயாவின் மதிப்பெண் கேள்வி என் வயிற்றிலும் புளியைக் கரைக்கிறது. அதனால் தேர்வுக்கு 'அபவுட்' வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சரி, தப்பு என்பதைத் தாண்டி வேறு எதற்காவது இது பயன்படுமா? ஒரு மாணவன், இந்தக் கல்லூரிதான் என் வெற்றிக்குக் காரணம் என்ற பொருளில், 'திஸ் காலேஜ் காஸ்டு மை சக்ஸஸ்' என்று எழுதியிருக்கிறான். இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் படித்ததும் ஏதோ உறுத்துகிறது. என்ன உறுத்துகிறது என்று அவனுக்குச் சொல்ல எனக்கு விதி கிடைக்கவில்லை.

புதுவயல் ஆய்வாளர்

டீச்சர், இதற்காகத்தான் தரவகமே வேண்டும். சரி, தப்பு சண்டைக்கு அது சுமாரான கருவி. இதற்கு அதை விட்டால் வேறு வழி இல்லை.

தரவகத்தில் ஒரு சொல்லைத் தேடினால் அந்தச் சொல் நடுவில் நிற்க, இரு பக்கமும் அதன் அக்கம்பக்கச் சொற்களோடு வரிகள் அடுக்கடுக்காக வரும். இதற்குத் தொடரடைவு என்று பெயர். மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும், இடமிருந்து வலமாக அல்ல. 'காஸ்' என்ற வினைக்கு வரும் வரிகளின் சாயலில் நான் எழுதிய மாதிரி இது:

ஹெவி ரெயின்ஸ் மே — காஸ் — ஃப்ளடிங் இன் தி ஓல்டு டவுன்
ஸ்மோக்கிங் கேன் — காஸ் — கேன்சர்
தி டிலே டிட் நாட் — காஸ் — எனி ப்ராப்ளம்
எ ஸ்மால் ஃபால்ட் கேன் — காஸ் — சீரியஸ் டேமேஜ்
வீ டு நாட் வான்ட் டு — காஸ் — டிரபிள்

வலப் பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். வெள்ளம், புற்றுநோய், சிக்கல், சேதம், தொல்லை. நல்லது ஒன்றுகூட இல்லை. உண்மையான தரவகத்தில் நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். மொழியியலாளர் மைக்கேல் ஸ்டப்ஸ் 1995இல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு விரிவாகக் காட்டினார். உங்கள் மாணவன் தன் வெற்றியைக் கொண்டுபோய் அந்த வரிசையில் நிறுத்திவிட்டான், அதுதான் உறுத்துகிறது. 'லெட் டு', 'ஹெல்ப்டு' போன்றவற்றின் வரிகளை எடுத்துப் பாருங்கள், அங்கே வெற்றிக்கு இடம் உண்டு.

இந்தப் பார்வையை வளர்த்தவர் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜான் சின்க்ளேர். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்து அறியலாம் என்று அவருக்கு முன்பே ஃபிர்த் என்ற மொழியியலாளர் சொல்லியிருந்தார். சின்க்ளேர் அதைக் கணினியில் செய்துகாட்டினார். 'செட் இன்' என்ற தொடரை எடுத்துப் பார்த்து, அழுகல், விரக்தி, சிதைவு போன்று யாரும் விரும்பாதவைதான் பெரும்பாலும் அதற்கு எழுவாயாக வருகின்றன என்று காட்டினார். அதற்கு முன்னால் எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லாத செய்தி. ஆங்கிலத்தில் பிறந்து வளர்ந்தவரைக் கேட்டாலும் உடனே சொல்லத் தெரியாது. நாவுக்குத் தெரியும், வாய்க்கு விளக்கத் தெரியாது. 1987இல் அவர் தலைமையில் வந்த கற்போர் அகராதி முழுக்க இப்படித் தரவகத்தைப் பார்த்தே எழுதப்பட்டது.

கானாடுகாத்தான் வழிகாட்டி

இதைப் படித்துவிட்டு நானும் ஒன்று செய்து பார்த்தேன். சுற்றுலாப் பயணிகளுக்கு வீடுகளைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. 'ஆன்ட்காங்க்' என்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தோக்கியோ வாசேதா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஆந்தனி எழுதியது. ஒரு பக்கம் நம் வட்டாரத்து விளம்பரக் கையேடுகளின் ஆங்கிலம், இன்னொரு பக்கம் வந்துபோன விருந்தினர்கள் இணையத்தில் எழுதிய குறிப்புகள். இரண்டையும் ஏற்றி, எதில் எந்தச் சொல் அளவுக்கு மீறி வருகிறது என்று ஒப்பிட்டேன்.

கையேடுகளில் 'பலேஷியல்', 'மேக்னிஃபிசென்ட்', 'பர்மா டீக்', 'இட்டாலியன் மார்பிள்'. விருந்தினர் பக்கம் 'கோர்ட்யார்டு', 'ஃபேமிலி', 'லஞ்ச்', 'க்வையட்'. நாம் தூணையும் தேக்கையும் காட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்கள் வளவில் உட்கார்ந்த அமைதியையும் வாழையிலைச் சாப்பாட்டையும் எழுதுகிறார்கள். 'ஹூ' என்ற சொல்லின் வரிகளைப் பார்த்தபோது, இந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், யார் கட்டினார்கள் என்ற பேச்சே திரும்பத் திரும்ப வந்தது. கையேடு எதிலும் அதற்குப் பதில் இல்லை.

ஆத்தங்குடி டைல்ஸ்

வழிகாட்டி தம்பி சொன்னதைப் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. வாடிக்கையாளர்கள் எனக்கு எழுதிய பழைய மின்னஞ்சல்களை அதே மென்பொருளில் ஏற்றினேன். கண்ணாடிமேல் இரும்பு அச்சு வைத்து நிறக்கலவையை ஊற்றி, சிமெண்டு போட்டு, வெயிலில் காய வைத்து நாம் செய்வதை வெளிநாட்டுக்காரர் என்ன சொல்லிக் கேட்கிறார்? என் விலைப்பட்டியலில் 'ஆத்தங்குடி ஃப்ளோர் டைல்' என்று இருந்தது. அவர்கள் எழுதுவதோ 'சிமெண்ட் டைல்', இல்லாவிட்டால் 'என்காஸ்டிக்'. கறாராகப் பார்த்தால் என்காஸ்டிக் என்பது களிமண்ணைச் சுட்டுச் செய்யும் வேறு சரக்கு. ஆனாலும் உலகச் சந்தையில் சிமெண்டு டைலும் அந்தப் பெயரிலேயே விற்கிறது. ஊர்ப்பெயரை விடாமல் பக்கத்தில் 'ஹேண்ட்மேட் சிமெண்ட் டைல்' என்று சேர்த்துவிட்டேன்.

ஓய்வாசிரியர் சார், 'என்காஸ்டிக்' வழுவா, அமைதியா? சீக்கிரம் சொன்னால் பட்டியலை அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.

தேவகோட்டை ஓய்வாசிரியர்

வழு. விற்றுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் ஆச்சி

ஐயாவை இவ்வளவு தூரம் இறக்கிவிட்டீர்களே. அப்படியே, வேண்டியதைச் செய்யுங்கள் என்பதற்கு எழுதுகிறோமே, அந்த 'டூ தி நீட்ஃபுல்' பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இங்கே இளைஞர்கள் அதைக் கேலி செய்து படம் போடுகிறார்கள்.

தேவகோட்டை ஓய்வாசிரியர்

கேலி செய்கிறவர்களுக்கு வரலாறு தெரியாது ஆச்சி. அது நம் ஆள் கண்டுபிடித்த தொடர் இல்லை. ஆங்கிலேயரே கடிதங்களில் எழுதிக்கொண்டிருந்தது. அவர்கள் விட்டுவிட்டார்கள், நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம். என் பாட்டையா ரங்கூன் கடையில் குமாஸ்தாவைக் கொண்டு எழுதவைத்த ஆங்கிலக் கடிதங்களின் நகல் புத்தகங்கள் மாடியில் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. வங்கிக்கு, வக்கீலுக்கு, கப்பல் கம்பெனிக்கு எழுதியவை. 'ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல் அண்ட் ஒப்ளைஜ்' என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். எதிர்த்தரப்பு வெள்ளைக்காரக் கம்பெனியின் பதிலிலும் அதே நடை. அந்தக் குமாஸ்தாவின் ஆங்கிலத்தில் ஒரு முன்னிடைச்சொல் பிசகியிருக்காது என்று என்னால் சூடம் அடித்துச் சொல்ல முடியும்.

புதுவயல் ஆய்வாளர்

ஐயா! இதை இழையின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

செட்டிநாட்டு வணிகக் கடித ஆங்கிலத்துக்கு ஒரு தரவகம் கட்டலாம். பெரியது வேண்டாம், கடிதங்களில் ஒரு பகுதி போதும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தோடு நிற்காமல் நாடக நோட்டீசு, திருமண அழைப்பிதழ் வரைக்கும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. யாரும் பொருட்படுத்தாத காகிதத்தில்தான் அன்றாட வழக்கு தங்குகிறது.

செய்முறை பற்றிச் சில விஷயங்கள். கனமான கடிதங்களை மட்டும் பொறுக்கி எடுக்கக் கூடாது. புத்தகத்துக்கு இத்தனை பக்கத்துக்கு ஒன்று என்று இடைவெளி வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஆண்டு, எழுதிய ஊர், யாருக்கு எழுதியது, கையெழுத்தா தட்டச்சா என்ற விவரம் வேண்டும். அது இல்லாவிட்டால் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது. கடன்பட்டவர்களின் பெயர்களையும் தொகைகளையும் நீக்கிவிட வேண்டும். பேரப்பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். ஸ்கேன் செய்து கணினியையே படிக்கவைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மங்கிய நகல்தாளில் அது தலைகுப்புற விழும். கூகுள் பழைய அச்சுப் புத்தகங்களைப் படித்தபோதே நீண்ட 'எஸ்' எழுத்தை 'எஃப்' என்று எடுத்துக்கொண்டு 'பெஸ்ட்' எல்லாம் 'பெஃப்ட்' ஆகிக் கிடந்தது. மனிதக் கைதான் தட்டச்சு செய்ய வேண்டும். வெறும் உரைக் கோப்பாக, யூ.டி.எஃப். 8 முறையில் சேமித்தால் எந்த மென்பொருளும் படிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடிதத்தில் எழுத்துப்பிழை இருந்தாலும் இலக்கணப்பிழை இருந்தாலும் உள்ளபடியே தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு புள்ளியைக்கூடத் திருத்தக் கூடாது.

காரைக்குடி டீச்சர்

ஐயா அனுமதித்தால் தட்டச்சுக்கு என் மாணவர்களைக் கூட்டிவருகிறேன். அந்த 'டிஸ்கஸ் அபவுட்' பெண் முதல் ஆளாகக் கை தூக்குவாள். குமாஸ்தா எங்கேயாவது 'அபவுட்' போட்டிருக்கிறாரா என்று தேடுவதற்கே வருவாள்.

'காஸ்' வரிகளை வகுப்பில் பலகையில் எழுதிப்போட்டேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. வலப் பக்கத்தை மேலிருந்து கீழே படிக்கச் சொன்னேன். நான்காவது வரிக்குள் அந்த மாணவனே தன் விண்ணப்பத்தை எடுத்துத் திருத்த ஆரம்பித்துவிட்டான். அடுத்த வாரத்துக்கு 'குட் அட்', 'குட் இன்' இரண்டையும் எடுத்துவைத்திருக்கிறேன்.

தேவகோட்டை ஓய்வாசிரியர்

மாணவர்கள் வரட்டும். ஞாயிறு காலையில் வந்தால் பெட்டியை மாடியிலிருந்து இறக்க ஆத்தங்குடிக்காரர் இரண்டு ஆள் அனுப்ப வேண்டும். என்காஸ்டிக் விற்ற காசில் அதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? பெயர்களை நீக்குவதற்கு முன்னால் ஒரு பக்கமும் வீட்டை விட்டு வெளியே போகாது.

'டிஸ்கஸ் அபவுட்' வழு. அதில் மாற்றம் இல்லை. குமாஸ்தாவின் கடிதத்தில் இருந்தாலும் வழுதான்.

ஆனால் பிழையைப் பார்த்துக்கொண்டே திருத்தாமல் தட்டச்சு செய்ய வேண்டும் என்கிறீர்களே, அது என்னால் ஆகாது. நான் வாசித்துச் சொல்கிறேன், வேறு யாராவது தட்டச்சு செய்யட்டும். சிவப்புப் பேனாவை யாரும் என் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம்.